கவாத்து, மரம் அகற்றல், உயிர்வேலிப் பராமரிப்பு: வீட்டுத் தோட்டத்துக்கான வழிகாட்டி

விலங்கின் உடலில் காயம்பட்ட இடத்தில் புதுத் திசு வளர்ந்து பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மரத்துக்கு அந்த ஆற்றல் கிடையாது. வெட்டுப்பட்ட கட்டை வெட்டுப்பட்டபடியே கடைசிவரை உள்ளே இருக்கும். மரம் செய்யக்கூடியதெல்லாம் அதைச் சுற்றி வேதிப்பொருள்களால் தடுப்பு எழுப்பி, அதன்மேல் புதிய கட்டையை வளர்த்து, அழுகல் நல்ல பகுதிகளுக்குப் பரவாதபடி ஒதுக்கிவைப்பதுதான். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970-களில் இதைத் தெளிவாக விளக்கினார். வீட்டுத் தோட்டத்தில் அரிவாளோ ரம்பமோ எடுக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இதுவே. எத்தனை வெட்டு, எவ்வளவு பெரிய வெட்டு, எந்த இடத்தில் வெட்டு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இதிலிருந்துதான் கிடைக்கிறது.

எனவே காரணம் சொல்ல முடியாத கிளையை வெட்டக்கூடாது. பட்டுப்போன கிளை, முறிந்து தொங்கும் கிளை, நோய் பிடித்த கிளை, ஒன்றோடொன்று உரசிப் பட்டையைத் தேய்த்துக்கொள்ளும் இரண்டில் ஒன்று, நடைபாதையையோ கூரையையோ மறிக்கும் கிளை ஆகியவற்றுக்கு இந்தக் காரணம் தெளிவாக இருக்கிறது. ‘மரம் அடர்த்தியாகிவிட்டது, கொஞ்சம் கழித்துவிடலாம்’ என்பது காரணம் ஆகாது. மரம் உணவு தயாரிப்பது இலையில். இலையைக் கழிப்பது அதன் வருவாயைக் கழிப்பதாகும். நன்றாக வளர்ந்துவரும் மரத்திலும் ஓராண்டில் உயிருள்ள இலைப்பரப்பின் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. முதிர்ந்த மரத்தில் அதைவிட மிகக் குறைவாகவே எடுக்க வேண்டும். வறட்சியிலோ வேர்ச் சேதத்திலோ தவிக்கும் மரத்தில் பட்ட கிளைகளைத் தவிர வேறு எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. கவாத்துக்குப் பிறகு அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் நேராக மேல்நோக்கிக் கொத்துக்கொத்தாகப் போத்துகள் கிளம்பினால், மரம் செழிக்கிறது என்று மகிழ வேண்டாம். இழந்த இலைகளை ஈடுகட்டச் சேமிப்பைச் செலவழித்து மரம் எடுக்கும் அவசர நடவடிக்கை அது. அளவுக்கு மீறி வெட்டிவிட்டோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

வெட்ட வேண்டிய இடம்

ஒரு கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை அருகில் சென்று உற்றுப் பாருங்கள். கவையின் மேற்பக்கத்தில் பட்டை சற்றே மேலெழும்பி, கறுத்துச் சுருங்கிய ஒரு வரம்புபோல அடிமரத்தின் இருபுறமும் சாய்வாக இறங்குவதைக் காணலாம். கிளையின் அடிப்பக்கத்தில் கிளை தொடங்கும் இடம் லேசாகப் புடைத்து, வளையம் போட்டதைப்போலத் தடித்திருக்கும். சில மரங்களில் இந்தப் புடைப்பு எடுப்பாகத் தெரியும். சிலவற்றில் விரலால் தடவிப் பார்த்தால்தான் புலப்படும். அழுகலைத் தடுக்கும் மரத்தின் வலுவான அரண் இந்தப் புடைப்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே மேலே பட்டை வரம்புக்குச் சற்று வெளியில் தொடங்கி, கீழே புடைப்பைத் தொடாமல் அதற்கு ஒட்டினாற்போல் வெளியே முடியுமாறு ரம்பத்தைச் செலுத்த வேண்டும். பெரும்பாலும் இந்தக் கோடு சற்றுச் சாய்வாகவே அமையும்.

இதில் இரண்டு விதமான பிழைகள் நடக்கின்றன. அடிமரத்தோடு மட்டமாக வழித்து வெட்டுவது பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும், அது புடைப்பை அறுத்தெடுத்துக் காயத்தைப் பெரிதாக்கி, அழுகலுக்கு அடிமரத்தின் உட்புறத்தையே திறந்துவிடுகிறது. மாறாக, ஒரு சாண் நீளக் கட்டையை விட்டுவைத்தால், உணவு வராத அந்தத் துண்டு பட்டுப்போய், பூஞ்சை குடியேறி, மரம் மூட முயலும் விளிம்புக்குக் குறுக்கே தடையாக நிற்கும். சரியான இடத்தில் விழுந்த வெட்டை ஓராண்டு கழித்துப் பார்த்தால், பட்டையின் விளிம்பிலிருந்து உருண்டு திரண்ட புதுத் திசு நான்கு புறமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் வளையமாக வளர்ந்திருக்கும். மேலும் கீழும் வளராமல் இரு பக்கங்களில் மட்டும் வளர்ந்திருந்தால் புடைப்பு அறுபட்டுவிட்டது என்று பொருள். தோட்டத்தில் முன்பு வெட்டிய கிளைகளின் தழும்புகளை இப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் கண்ணுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.

கையால் தாங்கிப் பிடிக்க முடியாத கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்க முயலக்கூடாது. பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தால் சாய்ந்து, அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். அதைத் தவிர்க்க மூன்று வெட்டு முறையைப் பின்பற்ற வேண்டும். அடிமரத்திலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, கிளைக் கனத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ அறுப்பது முதல் வெட்டு. அதற்குச் சில சென்டிமீட்டர் வெளியே தள்ளி மேலிருந்து கீழாக அறுத்துக் கிளையை விழச் செய்வது இரண்டாவது. பட்டை கிழியத் தொடங்கினாலும் முதல் வெட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். பாரம் போன பிறகு, எஞ்சிய கட்டையைப் புடைப்புக்கு வெளியே நிதானமாக அறுத்தெடுப்பது மூன்றாவது.

கிளையை முழுதாக எடுக்காமல் நீளத்தை மட்டும் குறைக்க வேண்டியிருந்தால், நடுவில் எங்கோ நறுக்காமல், பக்கக்கிளை பிரியும் இடம்வரை வந்து வெட்ட வேண்டும். அந்தப் பக்கக்கிளையின் கனம், வெட்டப்படும் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதைவிட மெலிந்ததால் தலைமை ஏற்று வளர முடியாது. சிறு கொப்புகளில் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினால், அடுத்த தளிர் மரத்தின் உட்புறத்தை அடைக்காமல் வெளியே வளரும்.

வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட் பூசும் வழக்கத்தைப் பொதுவாகக் கைவிடலாம். அவை அழுகலைத் தடுப்பதில்லை. சில வேளைகளில் ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுக்கின்றன. வெட்டுக்காயம் வழியே பரவும் குறிப்பிட்ட நோயோ பூச்சியோ அந்த வட்டாரத்தில் இருந்து, அதற்கென்று பூச்சு பரிந்துரைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுண்டுவிரல் கனத்திலிருந்து ஏறத்தாழ 2 செ.மீ. வரை கைக்கத்தரி, 4 செ.மீ. வரை நீண்ட பிடி கொண்ட கத்தரி, அதற்கு மேல் இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கைரம்பம் என்பது பொதுக் கணக்கு. இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்லும் கத்தரியையே வாங்க வேண்டும். தட்டையான தளத்தின்மேல் அலகு இறங்கும் வகை பச்சைக் கொப்பை நசுக்கிவிடும், அதைப் பட்ட குச்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நோயுற்ற மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது அலகை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அரிவாளால் கொத்துவது கிளையைச் சிதைத்துச் சிம்பாக்குவதால், உயிருள்ள கிளைகளுக்கு அதை ஒதுக்கிவிடுவதே முறை.

வெட்ட வேண்டிய காலம்

பட்டுப்போனதையும் முறிந்ததையும் எந்த நாளிலும் எடுக்கலாம். உயிருள்ள கிளைகளுக்கு, குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் மரங்களில் அந்த ஓய்வு முடிந்து மொட்டு விரியப் போகும் தறுவாய் பொதுவாக ஏற்றது. அப்போது வெட்டினால் அடுத்து வரும் வளர்ச்சி உடனே காயத்தை மூடத் தொடங்கும். ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் பழ மரங்களுக்குக் காய்ப்பு முடிந்து, அடுத்த துளிர் வருவதற்கு முந்தைய இடைவெளி நல்லது. இளந்தளிர் விரிந்துகொண்டிருக்கும் வாரங்களில் மரத்தின் சேமிப்பு மிகக் குறைந்திருக்கும் என்பதால் அப்போது தொடக்கூடாது. விடாமல் மழை பெய்யும் நாட்களையும் தவிர்க்க வேண்டும். பூஞ்சை வித்துகள் நீர்த்துளிகளோடு காயத்துக்கு வந்து சேரும்.

பூச்செடிகளுக்கு விதி எளிது: சென்ற பருவத்தில் வளர்ந்த கொப்பில் பூப்பவற்றைப் பூத்து முடிந்ததும் வெட்ட வேண்டும், இந்தப் பருவத்துப் புதுத் தளிரில் பூப்பவற்றைத் துளிர் வருவதற்கு முன் வெட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் செடிக்கு ஆபத்தில்லை, அந்த ஆண்டுப் பூக்கள்தான் போய்விடும். நோயின் காரணமாக விலக்குப் பெற்ற மரங்களும் உண்டு. பிளம், செர்ரி ஆகியவற்றைக் குளிர்காலத்தில் வெட்டினால் வெள்ளி இலை நோய் தொற்றக்கூடும் என்பதால் அவற்றைக் கோடையில் வெட்டுகிறார்கள். ஓக் மரங்களை வாடல் நோய் உள்ள பகுதிகளில் வசந்த காலத்தில் வெட்டுவதில்லை. எந்தக் காலமானாலும் முதலில் கிளைகளுக்கிடையே கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறந்து போகும்வரை வேலையை ஒத்திப்போடுவது கட்டாயம். பல நாடுகளில் அது சட்டமும்கூட.

இளமரத்தில் செலவிடும் நேரம்

ஒரு மரத்தின் வாழ்நாளில் கவாத்து மிகுந்த பயன் தருவது நட்ட பிறகான முதல் சில ஆண்டுகளில்தான். விரல் கனத்தில் இருக்கும்போது கைக்கத்தரியால் நொடியில் எடுத்துவிடக்கூடிய கோளாறு, இருபது ஆண்டு கழித்து வடமும் ரம்பமும் ஆட்களும் தேவைப்படும் வேலையாகிவிடுகிறது; காயமும் அந்த அளவுக்குப் பெரிதாகிறது.

இளமரத்தில் முதலில் தேட வேண்டியது, ஏறத்தாழ ஒரே கனத்தில் போட்டி போட்டு மேலே செல்லும் இரட்டைத் தண்டுகள். அவை குறுகிய கோணத்தில் பிரிந்தால், இரண்டும் பருக்கப் பருக்க நடுவே பட்டை உள்ளே மாட்டிக்கொள்ளும். கட்டையோடு கட்டை பிணையாத அந்தக் கவை வெளியே பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், பெருங்காற்றில் நெடுக்காகப் பிளக்கும். நேரான, வலுவான ஒரு தண்டைத் தலைமைத் தண்டாகத் தேர்ந்து, மற்றதை எடுத்துவிட வேண்டும். அது ஏற்கெனவே கனத்திருந்தால், ஒரே தடவையில் எடுக்காமல் நீளத்தைக் குறைத்து வேகத்தை அடக்கி, அடுத்த ஆண்டு முழுதாக எடுக்கலாம். எந்தப் பக்கக்கிளையும் அது பிரியும் இடத்தில் அடிமரத்தின் கனத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்க்கிளைகளை அவசரப்பட்டு வழித்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. அவை நிரந்தரமாக இருக்க வேண்டியவை அல்ல என்றாலும், அடிமரத்தைப் பருக்க வைப்பதும் வெயிலிலிருந்து பட்டையைக் காப்பதும் அவையே. அவற்றைக் குட்டையாக வெட்டி வைத்திருந்து, மரம் உயர உயரச் சிறிது சிறிதாக நீக்க வேண்டும்.

மொட்டையடிப்பதைப் பற்றி

மரம் உயர்ந்துவிட்டது என்ற அச்சத்தில் எல்லாப் பெருங்கிளைகளையும் ஒரே மட்டத்தில் நறுக்கிக் கட்டைகளாக நிறுத்துவதைப் போலக் கேடான வேலை வேறில்லை; இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அகலமான வெட்டுகளை மரத்தால் மூட முடியாது; அவை உள்ளே அழுகிக்கொண்டே போகும். இதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென வெயிலில் வெந்து வெடிக்கும். வெட்டு முனைகளிலிருந்து கிளம்பும் புதிய போத்துகள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டும்போது, அழுகும் கட்டையின் நுனியில் பலவீனமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதால், முன்பிருந்ததைவிட ஆபத்தானவையாகிவிடும். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமானால், மேலே சொன்னபடி பக்கக்கிளை வரை வெட்டிச் சிறிதளவு குறைக்கலாம். அந்த அளவு போதாதென்றால் அந்த இடத்துக்கு அந்த மரம் பொருந்தவில்லை என்று ஏற்று, அதை எடுத்துவிட்டுக் குட்டையாக வளரும் மரத்தை நடுவதே நேர்மையான தீர்வு. கிளைகளின் உட்பகுதியை முழுதும் வழித்து நுனியில் மட்டும் இலைக்கொத்தை விடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. பாரம் நுனிக்குப் போவதால் காற்றில் கிளை முறியும்.

தென்னை, ஈச்சை போன்ற பனையினத்துக்கு இவை எதுவும் பொருந்தாது. அவற்றுக்கு உச்சியில் உள்ள ஒரே குருத்துதான் உயிர்; அதை வெட்டினால் மரம் போய்விடும், தண்டில் பட்ட காயம் என்றைக்கும் மூடாது. காய்ந்த மட்டைகளை மட்டும் எடுத்தால் போதும்.

உயிர்வேலி

வேலிச்செடிகளை வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்குமாறு பக்கங்களைச் சற்றுச் சாய்த்து வெட்ட வேண்டும். செங்குத்தாகவோ மேல்பக்கம் அகலமாகவோ விட்டால், மேற்பகுதியின் நிழலில் அடியிலுள்ள இலைகள் உதிர்ந்து, கால் பகுதி வெறும் குச்சியாக நிற்கும். அப்படி வெறுமையான அடி மீண்டும் தழைப்பது கடினம். கண்மட்டத்தை நம்பாமல், இரு முனைகளிலும் முளையடித்துக் கயிறு கட்டி, அதற்கு இணையாகக் கீழிருந்து மேல்நோக்கிப் பக்கங்களை வெட்டிவிட்டு, உச்சியைக் கடைசியில் சமன் செய்வது நல்லது.

புதிதாக நட்ட வேலியை விரும்பிய உயரம் வந்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று காத்திருந்தால் அது அடர்ந்து வளராது. நட்டதிலிருந்தே நுனிகளை வெட்டி, அடியிலிருந்து பக்கக்கிளைகளை வரவழைக்க வேண்டும். ஒழுங்கான வடிவம் வேண்டுமானால், வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது, ஒரே தடவையில் ஆழமாக வெட்டுவதைவிடச் செடிக்கு இதமானது. அகன்ற இலைச் செடிகளை இயந்திரத்தால் வெட்டினால் இலைகள் பாதி பாதியாகக் கிழிந்து பழுப்பேறும் என்பதால், கைக்கத்தரியால் கொப்புக் கொப்பாக எடுப்பதே அழகாக இருக்கும். அடிக்கடி இலை இழக்கும் செடி என்பதால் வேலிக்கு உரமும் நீரும் மூடாக்கும் (மண்ணின்மேல் பரப்பும் மரத்துகள், சருகு போன்றவை) மற்றச் செடிகளைவிடச் சற்றுத் தாராளமாகவே வேண்டும்.

பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட அகன்ற வேலியை மீட்க, ஓர் ஆண்டில் ஒரு பக்கத்தை மட்டும் உள்தண்டுவரை ஆழமாக வெட்டி, அது நன்றாகத் துளிர்த்த பிறகு அடுத்த ஆண்டு மறுபக்கத்தை வெட்டலாம். ஊசியிலை வகைகளில் மட்டும் இதைச் செய்யக்கூடாது. யூ மரத்தைத் தவிர அவற்றில் பெரும்பாலானவை இலையற்ற பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. பச்சை எங்கே முடிகிறதோ அதற்குள்ளேயே வெட்டை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மரத்தை அகற்றுவது

அகற்றும் முடிவு, மரத்தின் அடியைச் சுற்றி நடந்து பார்த்த பிறகே எடுக்கப்பட வேண்டும். அடிமரத்திலோ வேர்மேட்டிலோ காளான் முளைப்பது, கவையில் நெடுக்காக வெடிப்பு, ஒரு பக்கம் மண் மேலெழுந்து விரிசல் விடுவது ஆகியவை கவலைக்குரியவை. சாய்வைப் பார்த்தவுடன் பயப்படத் தேவையில்லை: நீண்ட காலமாகச் சாய்ந்து வளர்ந்த மரத்தின் மேற்பகுதி வெளிச்சத்தை நோக்கி வளைந்து நிமிர்ந்திருக்கும், அண்மையில் சாய்ந்த மரமோ உச்சிவரை நேர்கோடாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணைக் கிளப்பியிருக்கும். பின்னதற்கு உடனடி நடவடிக்கை தேவை. உள்ளே பொந்து இருப்பது மட்டும் மரத்தை வெட்டக் காரணமாகாது. சுற்றிலும் நல்ல கட்டை போதிய கனத்தில் இருந்தால், குழாயைப்போல அது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஐயம் இருந்தால் தேர்ந்த ஒருவரைக் கொண்டு சோதிப்பது, நூறாண்டு மரத்தை ஊகத்தின் பேரில் இழப்பதைவிட மேலானது. மேலும், பல ஊர்களில் மரம் வெட்ட முன் அனுமதி தேவைப்படும். எல்லையில் நிற்கும் மரமானால் பக்கத்து வீட்டாரின் ஒப்புதலும் வேண்டும்.

வீட்டுக்காரர் தாமே செய்யத்தக்கது, தரையில் நின்று கைரம்பத்தால் அறுக்கக்கூடிய சிறு மரங்கள் மட்டுமே. அவற்றையும் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தொலைவுக்கு ஆளோ பொருளோ இல்லாத இடத்தில்தான் சாய்க்க வேண்டும். விழும் திசையில் ஆப்பு வடிவ வெட்டு, எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டு, இரண்டுக்கும் நடுவே அறுபடாமல் விடப்படும் குறுகலான கட்டைப் பகுதி என்பதே மரம் சாய்ப்பதன் அமைப்பு. அடிமரத்தின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள அந்த நடுக்கட்டைதான் கதவின் கீலாக நின்று மரத்தைக் குறித்த திசையில் இறக்குகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் விழலாம். சாயத் தொடங்கியதும் நேர் பின்னால் அல்லாமல், பின்பக்கம் சாய்வாக விலகிப் போவதற்கான வழியை முன்கூட்டியே தடையில்லாமல் ஒழுங்குசெய்து வைத்திருக்க வேண்டும்; அடிக்கட்டை பின்னோக்கித் தாவுவதுண்டு.

ஏணியில் நின்று மோட்டார் ரம்பத்தை இயக்குவது, தோளுக்கு மேல் அதைத் தூக்குவது, அதன் சட்டத்தின் மேல்நுனி எதிலாவது பட விடுவது ஆகிய மூன்றும் உயிருக்கு ஆபத்து; மேல்நுனி பட்டால் ரம்பம் இயக்குபவரின் முகத்தை நோக்கி எகிறும். மின்கம்பிக்கு அருகில் உள்ள எந்தக் கிளையையும் தொடாமல், மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயர் அழுத்த மின்சாரம் கம்பியைத் தொடாமலே காற்றில் தாவக்கூடியது. ஈரக் கிளையும் உலோக ஏணியும் அதைக் கடத்தும்.

தொழில்முறை ஆளை அமர்த்தும்போது விலையை மட்டும் ஒப்பிடாமல், விபத்துக் காப்பீட்டுச் சான்றையும் பயிற்சிச் சான்றையும் கேட்க வேண்டும். 1924-இல் தொடங்கிய பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம் தேர்வு வைத்துச் சான்றிதழ் அளிக்கிறது. அமெரிக்காவில் ‘ஏஎன்எஸ்ஐ ஏ300’, பிரிட்டனில் ‘பிஎஸ் 3998’ என எழுதப்பட்ட தரநிலைகள் இருக்கின்றன. செய்ய வேண்டிய வேலையை எழுத்தில் வாங்குவது அவசியம்: எந்தக் கிளை, எவ்வளவு நீளம், குப்பையும் கட்டையும் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நிலைத்திருக்கப் போகும் மரத்தில் காலில் முள்தகடு மாட்டி ஏறுபவரையும், மொட்டையடிக்கலாம் என்று தாமாகவே யோசனை சொல்பவரையும் மறுத்துவிடலாம். முள்தகடு ஒவ்வோர் அடிக்கும் பட்டையில் ஒரு துளை போடும் என்பதால் அது வெட்டி அகற்றப் போகும் மரத்துக்கு மட்டுமே உரியது.

அகற்றிய பின் எஞ்சும் அடிக்கட்டையை இயந்திரத்தால் தூளாக்கலாம், இடையூறு இல்லாத இடமானால் தானாக மக்க விடலாம். துளிர்க்காமலிருக்க வேதிப்பொருள் பூசுவதற்கு முன், அருகில் அதே இன மரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டின் வேர்களும் மண்ணுக்குள் இணைந்திருந்தால் மருந்து அதற்கும் போய்ச் சேரும். ஈரம் பட்டால் உப்பிப் பெருக்கும் களிமண் நிலத்தில், கட்டடத்தை ஒட்டிய பெருமரத்தை அகற்றினால் அது உறிஞ்சிவந்த நீர் மண்ணிலேயே தங்கி நிலம் மேலெழும்பக்கூடும் என்பதால், அங்கே கட்டுமானப் பொறியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். புதிய கன்றைப் பழைய குழியில் நடாமல் சில அடி தள்ளி நட்டு, 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போட்டு, அந்த மூடாக்கு தண்டைத் தொடாதபடி ஒரு கையகல இடைவெளி விட வேண்டும். தூளாக்கிய மரத்துகளையே அந்த மூடாக்குக்குப் பயன்படுத்தலாம், ஆனால் மரம் நோயால் போயிருந்தால் கூடாது.